முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?

அந்த லேபில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான். இருபத்திரண்டு வருடமாக ஊசி அறையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே நாற்காலியில் உட்காருகிறவர்களின் கையில் பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கை என்றால் அது கை. அழுதுகொண்டே வருகிற குழந்தை, ஊசி குத்தியாகிவிட்டது என்று தெரியாமல் அழுதுகொண்டே வெளியே போகும்.

நரம்பைக் கண்ணால் தேடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கண் பொய் சொல்லும், பச்சையாகத் தெரிவதெல்லாம் நரம்பு இல்லை, விரல்தான் பார்க்க வேண்டும் என்பாள். இடது கை ஆள்காட்டி விரலை முழங்கையின் உள்பக்கம் வைத்து, இரண்டு தரம் அழுத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி குத்துவாள். இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டு நோயாளியின் கையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து தேடுவாள். அவளுக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்ததும் ஊசியக்காதான். அந்தப் பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு பெரிய கைகாரி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதே வாரத்தில்தான் லேபின் லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். பழுதுபார்க்க வந்த ஆள் கதவு இடுக்கு வழியாக, பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க என்று பேசிக்கொண்டே இருந்தார். கதவு திறந்ததும் இவள் நன்றி சொல்லவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டை போட்டாள். அடுத்த வருடம் அந்த ஆளையே கல்யாணம் செய்துகொண்டாள். சண்டை இன்னும் முடியவில்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஊசி குத்துவதற்கு முன் யாராக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்பாள். வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா, இது இரண்டும் எல்லா லேபிலும் கேட்பதுதான். மூன்றாவது கேள்வி அவளே கொண்டு வந்தது. முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா? முடி வளர விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் என்று ஒரு வைட்டமின் இருக்கும். உடம்புக்கு அது கெடுதல் இல்லை. ஆனால் அளவு கூடினால் சில வகை மெஷினை ஏமாற்றிவிடும். நன்றாக இருக்கிற தைராய்டை, கன்னாபின்னாவென்று ஓடுகிறது என்று மெஷின் அச்சடித்துக் கொடுக்கும். பல வருடத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் இப்படி ஒரு தப்பு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அலைந்ததைப் பார்த்துவிட்டு, ஊசியக்கா அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே எழுதி நாற்காலிக்கு நேர் எதிரே ஒட்டினாள். ஆம் என்று சொன்னவர்களை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். கெஞ்சினாலும் விட மாட்டாள்.

அவளுடைய கைக்கென்றே வருகிறவர் ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். ரத்தத்தில் வியாதி, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மருந்து ஏற்ற வேண்டும், அதற்கு முதல் நாள் ரத்தம் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றி ஏற்றி அவர் கை நரம்பெல்லாம் கெட்டிப்பட்டு உள்ளே போய்விட்டது. எத்தனையோ பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கையில், வலது மணிக்கட்டுக்கு மேலே, கட்டை விரல் பக்கமாக ஒரே ஒரு நரம்பு இருப்பதை ஊசியக்காதான் கண்டுபிடித்தாள். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது, விரலுக்கும் சிக்காது. விலாசம் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான் என்று தபால்காரர் அவளிடம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கைக்குக் கேடு வந்தது.

மாதவிலக்கு முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்தது, பிறகு ஐந்து மாதம் வரவே இல்லை. போனால் போகட்டும், தொல்லை விட்டது என்றுதான் அவள் இருந்தாள். அப்போதுதான் சூடு ஆரம்பித்தது. காரணமே இல்லாமல் நெஞ்சிலிருந்து கிளம்பும், கழுத்துக்கு ஏறும், முகம் அடுப்பைத் திறந்த மாதிரி கொதிக்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மூன்று நிமிடம்தான். முடிந்ததும் உடம்பெல்லாம் நனைந்து குளிர் எடுக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம், பன்னிரண்டு தரம். தூக்கமும் போயிற்று. வீட்டில் ஃபேன் முழு வேகத்தில் ஓட, புருஷன் லிஃப்ட்காரர் இரண்டு போர்வையும் ஒரு கம்பளியும் போர்த்திக்கொண்டு வாயைத் திறக்காமல் படுத்திருந்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கையுறைக்குள் வேர்வை தேங்கியதுதான் அவளைக் கொன்றது. ரப்பருக்கும் விரலுக்கும் நடுவே தண்ணீர் நின்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கையுறையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள், மாற்றுவதற்குள் அடுத்த சூடு வந்தது. படபடப்பில் விரல் நுனி லேசாக நடுங்கவும் ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரே ஆளை இரண்டு தரம் குத்தினாள். அடுத்த வாரம் இன்னொருவரை. அதற்கடுத்த வாரம் தபால்காரரின் அந்த ஒற்றை நரம்பில் ஊசி இறங்கும் நேரத்தில் சூடு ஏறியது. ஊசி நரம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. அவரே பஞ்சை வாங்கி அழுத்திக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வரும்போது சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். அவள் சட்டையை ஏற்றிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீலமும் மஞ்சளுமாக ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் புறங்கையில் குத்தி எப்படியோ எடுத்து அனுப்பினாள். அவர் போன பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

லேப் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், குழாயில் எந்த நிற மூடி எதற்கு என்பதையே அவளிடம் கற்றுக்கொண்டவர். மேஜைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்.

“ஒரு மாசம் பாக்கலாம்க்கா. சரியாகலைன்னா நீங்க கவுண்டர்ல உக்காந்துக்கங்க. அங்க ஃபேன் இருக்கு.”

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் ஃபேன் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னதால், சரி என்று எழுந்து வந்தாள். கவுண்டர் என்றால் டோக்கன் கொடுத்து, பெயர் எழுதி, ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கிற இடம். அதில் குறைவு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஊசி அறை போய்விட்டால் ஊசியக்கா என்று கூப்பிட என்ன இருக்கிறது? முப்பது நாளில் உடம்பைச் சரிக்கட்டியாக வேண்டும், வேறு வழியில்லை.

முதலில் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இந்த வயதில் வருவதுதான் என்றார். சிலருக்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்பதுண்டு, ஆனால் பிரசவ நேரத்தில் காலில் ரத்தம் கட்டிப் படுத்தவளுக்கு அதைத் தர மனம் வரவில்லை என்றார். தினமும் நடங்க, காப்பியைக் குறைங்க, ஒரே நேரத்துக்குப் படுங்க, சூடு வரும்போது மூச்சை மெதுவாக விடுங்க, நாளாக ஆகத் தானாகக் குறையும் என்றார். எத்தனை நாளில் என்று கேட்டாள். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு ஐந்தாறு வருடம்கூட ஆகலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. முப்பது நாள் கெடு வாங்கிக்கொண்டு வந்தவளிடம் சொல்லுகிற பதிலா இது?

ஆனாலும் சொன்னதையெல்லாம் செய்தாள். விடியற்காலையில் எழுந்து, இருக்கிற தெருவெல்லாம் சுற்றி வந்தாள். காப்பியை விட்டாள், இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. தலையணைக்கு அடியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்தாள். தூக்கம் கொஞ்சம் கூடியது, அது உண்மை. சூடு மட்டும் தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் உள்ளே நுழைந்தாள். லிஃப்ட்காரரின் தங்கை. நல்லவள்தான், ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டாள். இயற்கைக்குத் திரும்புவோம் என்று போனில் ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தாள். மாதத்தின் முதல் பதினான்கு நாள் ஆளி விதையும் பூசணி விதையும், அடுத்த பதினான்கு நாள் எள்ளும் சூரியகாந்தி விதையும் சாப்பிட்டால் ஹார்மோன் தராசு மாதிரி நேராக நிற்கும் என்றாள். மாதமே வராதவள் முதல் நாள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஊசியக்கா கேட்டாள். நிலாவைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். அண்ணன்காரர் அன்றைக்கே பால்கனிக்குப் போய்க் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு வந்தார். எதிர் வீட்டுக் கட்டடம்தான் தெரிகிறது, அது வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்டார். ஊசியக்கா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சிரித்துவிட்டு விதையைச் சாப்பிட்டாள். சோயாப் பாலும் குடித்தாள். பத்து நாள் போயிற்று. நாத்தனார் அடுத்து ஒரு ஊதா நிற டப்பாவைக் கொண்டு வந்தாள். பெண்களுக்கான இயற்கைச் சமநிலைப் பொடி என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலையில் இரண்டு கரண்டி, படுக்கப் போகும்போது இரண்டு கரண்டி, வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும்.

“அண்ணி, இது மருந்தே இல்ல. சாப்பாடு மாதிரிதான். கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டாள். ஒரு நாள் பாக்கி வைக்கவில்லை.

இருபத்தோராவது நாள் கண்ணாடிதான் ஆரம்பித்து வைத்தாள். ஊசியக்கா நடந்து நடந்து நாலு கிலோ இளைத்திருந்தாள். கை நடுக்கம், படபடப்பு, வேர்வை, மெலிவு எல்லாம் சேர்ந்தால் தைராய்டாகவும் இருக்கலாமே, ஒரு தரம் பார்த்துவிடுங்களேன் அக்கா என்றாள். அட, எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறோம், நமக்கு இது தோன்றவில்லையே என்று ஊசியக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரமாக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். கண்ணாடி ஒழுங்காகப் பட்டையைக் கட்டிவிட்டு, பழகியபடியே கேள்விகளை ஆரம்பித்தாள். வெறும் வயிறா என்றாள், ஆமாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை உண்டா என்றாள், இல்லை.

“மூணாவதா...”

“அத எழுதி ஒட்டினதே நான்தான்டி. எனக்கே பாடமா? குத்து.”

கண்ணாடி சிரித்துக்கொண்டே குத்தினாள். ஒரே குத்தில் வந்துவிட்டது. ஊசியக்காவின் நரம்பு அவ்வளவு நல்ல நரம்பு.

மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. தைராய்டு கன்னாபின்னாவென்று ஓடுகிறது என்று அதில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்து போயிருப்பார்கள். ஊசியக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இது வயசு இல்லை, வியாதி. வியாதி என்றால் மாத்திரை உண்டு, மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், குணமானால் கை திரும்ப வரும். காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பொறுப்பாளரிடம் ஓடினாள். அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வைத்தியம் முடிகிறவரை கெடுவை மறந்துவிடுங்கள், ஊசி அறை உங்களுக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். இந்த வாரம் மட்டும் கண்ணாடி கூட நிற்கட்டும், கஷ்டமான கை வந்தால் உதவிக்கு ஆகும் என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார். முடிக்கு, நகத்துக்கு என்று ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். எங்க லேப்ல அதக் கேக்காம ஊசியே எடுக்க மாட்டோம் டாக்டர் என்று ஊசியக்கா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். டாக்டரம்மா ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். லிஃப்ட்காரர் வீட்டுக்கு வருகிற வழியிலேயே வாங்கி வந்து, எந்த ஃபியூஸ் போனதுன்னு கண்டுபிடிச்சாச்சு, இனிமேல் ஓடிடும் என்று தட்டிக்கொடுத்தார். நாளை காலையிலிருந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. அவள் அன்றைக்குப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

அதைக் கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள். தன் பொடியால் ஒன்றும் ஆகவில்லை என்று அண்ணி சொன்னதில் அவளுக்கு வருத்தம். சூடு நிற்காமல் இருக்கலாம், ஆனால் ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லாதீர்கள் என்று, அண்ணியின் பின்னலைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

“முடி கொட்டுறது நின்னிருக்கே, பாத்தீங்களா? அதுக்கும் சேத்துத்தான் அதுல போட்டிருக்காங்க.”

ஊசியக்கா பின்னலை உருவிக்கொண்டாள். எழுந்து போய் ஊதா டப்பாவை எடுத்து வந்தாள். லிஃப்ட்காரரின் வேலைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து, டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தாள். விதைகளின் பெயர் வரிசையாக இருந்தது. கடைசியில், கூந்தல் செழிப்புக்கு என்று போட்டு, பயோட்டின் என்று இருந்தது. அளவைப் பார்த்தாள். அவள் திருப்பி அனுப்பிய எத்தனையோ பேர் சாப்பிட்டதைவிட அதிகம். நாத்தனார் பேசிக்கொண்டே இருந்தாள். ஊசியக்கா டார்ச்சை அணைக்காமல் திரும்பவும் அந்த வரியையே படித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் மேஜைமேல் கிடந்தது. அன்றைக்கு முழுதும் அவள் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவளும் மனுஷிதானே. நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு, மாத்திரையை விழுங்காமல் வாங்கி மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு மாதம் ஊசி அறையில் இருக்கலாம். ஆறு மாதத்தில் சூடு தானாக நின்றாலும் நிற்கும். யாருக்கு என்ன நஷ்டம் என்று சமையலறையில் நின்றுகொண்டு தன்னைத்தானே கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் சூடு ஏறியது. பிடித்திருந்த தட்டு வேர்வையில் நழுவித் தரையில் விழுந்தது. கையை விரித்துப் பார்த்தாள். வருகிற வியாழக்கிழமை தபால்காரர் வருவார், நம்பிக் கையை நீட்டுவார். இந்தக் கையால்தானே அவரைத் தொட வேண்டும்? மாத்திரை அட்டையை எடுத்து அலமாரிக்குள் போட்டு மூடினாள். என்ன ஆச்சு என்று லிஃப்ட்காரர் கேட்டதற்கு, ஃபியூஸ் அது இல்லங்க என்று மட்டும் சொன்னாள். உடைந்த தட்டை அவரே பொறுக்கிப் போட்டார்.

திங்கட்கிழமை போய்ப் பொறுப்பாளரிடமும் டாக்டரம்மாவிடமும் நடந்ததைச் சொன்னாள். பொடியை நிறுத்தினாள். யாருக்கும் தராத விலக்கைத் தனக்கும் தரவில்லை, முழுசாக ஒரு வாரம் காத்திருந்தாள். அந்த வியாழக்கிழமை தபால்காரர் வந்தபோது ஊசியைத் தொடவில்லை. கண்ணாடியின் விரலைப் பிடித்து அவர் மணிக்கட்டில் வைத்து, இங்கதான், அழுத்திப் பாரு என்றாள். கண்ணாடிக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் காலில்தான் எடுத்தார்கள்.

வாரம் முடிந்ததும் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி பட்டையைக் கட்டிவிட்டுத் தயங்கினாள்.

“மூணாவது கேள்வியக் கேளு,” என்றாள் ஊசியக்கா.

“அக்கா, பரவாயில்லக்கா.”

“கேளுடி.”

“முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“சாப்பிட்டேன். நிறுத்தி ஏழு நாளாச்சு.”

மத்தியானம் மெஷின் அச்சடித்துக் கொடுத்ததை அவள் நின்றபடியே படித்தாள். தைராய்டு நார்மல். சர்க்கரை நார்மல். மீதி எல்லாம் நார்மல். இருபத்திரண்டு வருடமாக எத்தனை பேர் அந்த வார்த்தையைப் பார்த்துக் கண்ணீர் விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் கண்ணீர்தான் விட்டாள். கண்ணாடி அவள் முதுகில் கை வைத்தாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதனால் சரிசெய்யவும் ஒன்றும் இல்லை. இதற்காக யாரையும் திட்டவும் முடியவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டு ஒரு மூச்சு கத்தலாம் என்று போனை எடுத்தாள். பாவம், அவளும் நல்லது என்றுதானே கொண்டு வந்தாள் என்று தோன்றியதும் வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா சூட்டைக் கொஞ்சம் தணிக்க வேறொரு மாத்திரை தந்தார், பாதி குறையலாம், முழுக்க நிற்காது என்று சொல்லித்தான் தந்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம் வந்த சூடு ஒன்பதாயிற்று. நடையை அவள் விடவில்லை, தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கு வந்தது. வெளியே இருந்து பார்த்தால் நல்ல முன்னேற்றம்தான். ஊசி இறங்கும்போது அந்த ஒன்பதில் ஒன்று வராது என்று யார் உறுதி சொல்வார்கள்? அவளால் சொல்ல முடியவில்லை. மாத முதல் தேதியில் யாரும் கூப்பிடாமலே கவுண்டரில் போய் உட்கார்ந்தாள். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் வந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தார். டோக்கனுக்குக் காகிதத்தை நீட்டுவதற்குப் பதிலாக, தடுப்பின் கீழ் இடைவெளி வழியாக வலது கையை உள்ளே நீட்டினார். நீலம் முழுக்க மறைந்திருந்தது.

“விலாசம் மாறலையான்னு பாரும்மா.”

கவுண்டரில் கையுறை கிடையாது. வெறும் விரலை மணிக்கட்டுக்கு மேலே வைத்தாள். இரண்டாவது அழுத்தத்திலேயே நரம்பு விரலுக்கு அடியில் மெத்தென்று எழும்பியது. விரல் எதையும் மறக்கவில்லை. சட்டென்று ஸ்டிக்கர் எழுதுகிற பேனாவை எடுத்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

“இந்தப் புள்ளியில குத்தச் சொல்லுங்கய்யா. வேற எங்கயும் தொட விடாதீங்க.”

அவர் அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு பத்திரமாக உள்ளே போனார். அவள் அடுத்தடுத்து மூன்று பேருக்கு டோக்கன் கொடுத்தாள். காது ஊசி அறைப் பக்கமே இருந்தது. அங்கே பேச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, ஸ்டூல் நகர்ந்தது. திரும்பவும் கண்ணாடியின் குரல் கேட்டது, மன்னிச்சுக்கங்க ஐயா, இன்னும் ஒரே ஒரு தரம். நடுவே இவளுக்குச் சூடு ஏறி இறங்கியது.

அவர் வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று. இடது கையில் இரண்டு பிளாஸ்டர், வலது கையில் ஒன்று. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். குத்துவதற்கு முன்னால் கண்ணாடி, செய்ய வேண்டியபடி, ஸ்பிரிட் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்திருக்கிறாள். லட்சம் தரமாவது அதே பஞ்சால் துடைத்தவள்தான் ஊசியக்கா. புள்ளி வைக்கும்போது அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

“அழிஞ்சு போச்சும்மா,” என்றார் தபால்காரர், தானே தப்புச் செய்துவிட்ட மாதிரி. “சரி, மூணு வாரம் கழிச்சு வருவேன். அதுக்குள்ள நீ உள்ள வந்துடுவியா?”

“தெரியலங்கய்யா,” என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள். அவளுக்கும் ஊசியக்காவின் வயதுதான் இருக்கும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, தைராய்டு பார்க்கணும், உடம்பெல்லாம் கொதிக்குது, தைராய்டாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன் என்று ஆசையோடு சொன்னாள்.

ஊசியக்கா மேஜை ஃபேனை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா என்று கேட்டாள்.